மார்கழியும் விண்மீனும்
(கிறித்து பிறப்பு விழா அலங்காரங்கள்: ஒரு வரலாற்று நோக்கு)

கல்லில் வெட்டியவையும் செம்பில் பொறித்தவையும் வரலாற்றாசிரியரின் கண்ணில் எளிதாகப் படுகின்றன. மாலையில் கட்டி மறுவாரம் அவிழ்க்கும் தோரணத்திற்கு வரலாறு எழுதுவார் அரியர். புதுக்கோட்டைச் சீமையின் கல்வெட்டுகள் 1929-ஆம் ஆண்டிலேயே தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தன. அதே சீமையில் ஆண்டுதோறும் மூங்கிலாலும் வண்ணத்தாளாலும் வைக்கோலாலும் எழுப்பப்பட்டு, விழா முடிந்ததும் பரணுக்கோ குப்பைக்கோ போய்விடும் பொருள்களைப் பற்றி நம்மிடம் எழுத்துச் சான்று குறைவு. ஆயினும் எளிய மக்கள் தம் கையால் எழுதிய வரலாறு அப்பொருள்களில்தான் இருக்கிறது. கிறித்து பிறப்பு விழாவை ஒட்டி நம் தெருக்களில் தோன்றும் விண்மீன், குடில், மரம், பாட்டு, பலகாரம் ஆகியவை எங்கெங்கிருந்து புறப்பட்டன, இங்கு வந்து என்ன உருக்கொண்டன, அவற்றைச் சுற்றி எழுந்த வழக்குகள் யாவை என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

இதனை ஆராய்வதற்குக் கந்தர்வக்கோட்டை பொருத்தமான நிலம். இவ்வூர் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையிலான பெருவழியில் அமைந்தது. 1974-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. வடக்கே தஞ்சை, சுவார்ட்சு ஐயரும் வேதநாயக சாஸ்திரியாரும் வாழ்ந்த சீர்திருத்தத் திருச்சபையின் பேரூர். மேற்கே விராலிமலைப் பக்கத்து ஆவூர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைத் துறவியர் நிறுவிய கத்தோலிக்க மறைத்தளம். வீரமாமுனிவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அவ்வூரில் இன்றுள்ள பெரியநாயகி மாதா ஆலயம் 1747-இல் எழுந்தது. இவ்விரு மரபுகளுக்கும் நடுவே நிற்கும் ஊரின் பெயரிலோ வானுலக இசைவாணரான கந்தர்வர் குடியிருக்கின்றனர். வானவர் பாடிய இரவைக் கொண்டாடும் விழாவைப் பற்றிப் பேச இதைவிடத் தக்க ஊர்ப்பெயர் வேறு வேண்டுமோ!

நாளும் பெயரும்

இயேசு பிறந்த நாள் இன்னது என்று நற்செய்தி நூல்கள் கூறவில்லை. டிசம்பர் 25-ஆம் நாளைக் கிறித்து பிறந்த நாளாகக் குறிக்கும் மிகப் பழைய சான்று உரோமாபுரியிலிருந்து கிடைக்கிறது. கி.பி. 354-ஆம் ஆண்டைச் சார்ந்த ஒரு நாட்குறிப்புத் தொகுப்பில் அது காணப்படுகிறது. அக்குறிப்பின் மூலம் கி.பி. 336 அளவினது என்பர். உரோமானியரின் பழைய நாட்காட்டியில் டிசம்பர் 25 கதிரவன் வடக்கு நோக்கித் திரும்பும் நாளாகக் கொள்ளப்பட்டிருந்தது. இரவு நீண்டு நீண்டு ஓர் எல்லையைத் தொட்டுக் குறையத் தொடங்கும் அந்த நாளில் ஒளியின் பிறப்பைக் கொண்டாடுதல் இயல்பேயாகும்.

நம் தைத் திங்கள் முதல் நாளும் கதிரவனின் வடசெலவை ஒட்டியதே. அச்சு அசைவால் வான்கணக்கு ஏறத்தாழ எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பிறழ்ந்துகொண்டே வந்ததால், ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வடசெலவோடு ஒன்றியிருந்த தைப்பிறப்பு இன்று சனவரி நடுவில் வருகிறது. எனவே உரோமாபுரியின் டிசம்பர் 25-உம் நம் பொங்கல் நாளும் ஒரே கதிரவனின் ஒரே திருப்பத்தை நோக்கி நாட்டப்பட்ட இரு கம்பங்கள். காலம் அவற்றைத் தனித்தனியே நகர்த்தியது.

தமிழ்க் கணக்கில் இவ்விழா எப்போதும் மார்கழியில் விழுகிறது. வாசலில் சாணவுருண்டை மேல் பரங்கிப்பூ வைத்துக் கோலமிடும் அதே நாட்களில் அடுத்த வீட்டுக் கூரையில் வண்ண விண்மீன் ஏறுகிறது. இரண்டும் விடியலுக்கு முந்திய இருளைப் பொறுக்காத மனத்தின் செயல்கள்.

பெயரின் வரலாறும் சுவையானது. 'கிறிஸ்துமஸ்' என்னும் சொல், கிறித்துவின் பூசை என்னும் பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரிலிருந்து வந்தது. இது நமக்கு ஆங்கிலேயர் வழி கிடைத்தது. ஈழத் தமிழரோ இவ்விழாவை 'நத்தார்' என்கின்றனர். பிறப்பு என்னும் பொருளுடைய 'நத்தால்' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம் அது. சிங்களத்திலும் அச்சொல்லே வழங்குகிறது. போர்த்துக்கேயர் ஈழக் கரையை விட்டு நீங்கி முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்கள் விட்டுச்சென்ற ஒரு சொல் யாழ்ப்பாணத்துக் குழந்தையின் நாவில் இன்றும் வாழ்கிறது. ஆட்சி போனபின்னும் விழாவின் பெயர் நின்றுவிடுகிறது.

குடில்

கி.பி. 1223-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டுக் கிரேச்சியோ என்னும் மலையூரில், அசிசி நகரத்துப் பிரான்சிசு என்னும் துறவி கிறித்து பிறப்பு இரவில் ஒரு குகையில் வைக்கோல் பரப்பித் தீவனத் தொட்டி வைத்தார். அருகில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தினார். படித்தவர்க்கு இலத்தீன் மொழியில் நூல் இருந்தது. படியாத உழவர்க்குக் கண்ணால் காணும் காட்சி வேண்டும் என்பது அவர் கருத்து. குடில் அமைக்கும் வழக்கத்தின் புகழ்பெற்ற தொடக்கம் இது. 2023-இல் அந்நிகழ்ச்சிக்கு எண்ணூறு ஆண்டுகள் நிறைந்தன.

அக்காட்சி தமிழகம் வந்தபோது ஏற்கெனவே ஒரு மேடை ஆயத்தமாக இருந்தது. அது நவராத்திரிக் கொலு. படி கட்டிப் பொம்மை அடுக்கும் கலையும், அப்பொம்மைகளை வனையும் குயவர் குடியிருப்புகளும் இங்கே முன்பே உண்டு. மதுரையை அடுத்த விளாச்சேரியில் ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலுப் பொம்மை, கார்த்திகை மார்கழியில் குடில் பொம்மை என்று தொழில் ஆண்டு முழுதும் சுழல்கிறது. கண்ணனுக்குக் கண் திறக்கும் அதே தூரிகை குழந்தை இயேசுவுக்கும் கண் திறக்கிறது. குடில் பொம்மைகளில் சில வேளை ஆயன் தலைப்பாகை கட்டியிருப்பதும், மாட்டுக்குத் திமில் இருப்பதும் வனைந்தவரின் அறியாமையால் அல்ல. பெத்லகேமை அவர் தம் ஊரில் கண்டார், அவ்வளவே.

குடிலைச் சுற்றிப் பசுமை வேண்டிச் சிறு தட்டுகளில் கேழ்வரகையோ கம்பையோ நெல்லையோ விதைத்து முளைக்க வைப்பது பல வீடுகளின் வழக்கம். அம்மன் விழாவில் முளைப்பாரி இடும் மண்ணில் இதற்குத் தனியே பயிற்சி தேவைப்படவில்லை. கோவாவிலும் இவ்வாறே குடிலுக்குத் தானியம் முளைக்க வைக்கின்றனர்.

'குடில்' என்ற சொல் தேர்வும் நோக்கத்தக்கது. நற்செய்தியில் வருவது குழந்தையைக் கிடத்திய தீவனத் தொட்டி. தமிழ் விவிலியம் அதை 'முன்னணை' என்று அழகாக மொழிபெயர்த்தது. ஈழத்தில் 'மாட்டுக்கொட்டில்' என்றும் 'பாலன் குடில்' என்றும் வழங்குவர். நம் மக்கள் கொட்டிலையும் தொட்டியையும் விட்டு முனிவரும் ஏழையரும் வாழும் 'குடில்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டனர். ஒரே சொல்லில் வறுமையும் தூய்மையும் சேர்ந்துவிட்டன.

பிறப்பின் காட்சி எல்லார்க்கும் கொட்டிலாகவே இருந்ததில்லை. திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் 'மர்யம்' என்னும் பெயர் உடையது. அதில் அன்னை பேரீச்ச மரத்தடியில் பிள்ளைப்பேற்று வலியுறுகிறார், அம்மரத்தின் கனி அவர் பசி ஆற்றுகிறது. வீரமாமுனிவர் 1726-இல் முடித்த தேம்பாவணி, சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 36 படலங்களில் 3615 பாடல்களாக விரிந்தது. நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடிப் பாலைநிலத்து யூதேயாவைச் சோழநாட்டுச் செழிப்போடு புனைந்தது அப்பெருநூல். குயவர் களிமண்ணில் செய்ததைக் கவிஞர் விருத்தத்தில் செய்தார் எனலாம்.

விண்மீன்

கிழக்கிலிருந்து வந்தவர் மூவர் என்றோ அரசர் என்றோ மத்தேயு எழுதவில்லை. மூன்று காணிக்கைகளைக் கண்டு மூவர் என்று பின்னையோர் கணக்கிட்டனர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவர்களைச் 'சாஸ்திரிகள்' என்கிறது. வானத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்பது கருத்து. அவர்கள் கண்ட ஒளியே நம் வாசல்களில் தொங்குகிறது.

முப்பரிமாண விண்மீன் விளக்கின் பிறப்பிடம் செருமனி. மொரேவியச் சகோதரர் சபையின் நீஸ்கி நகரப் பள்ளியில் 1830-களில் வடிவக் கணிதப் பயிற்சியாக மாணவர்க்கு இதனைச் செய்யக் கற்பித்தனர். பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எர்ன்கூட் என்னும் ஊரில் விற்பனைக்குச் செய்யப்பட்டு உலகெங்கும் பரவியது. இச்சபையார் 1760-இல் தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் ஒரு குடியிருப்பு அமைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள். ஆனால் விண்மீன் பிறக்குமுன்பே அவர்கள் இங்கிருந்து சென்றுவிட்டனர். ஆள் வந்த வழி வேறு, பொருள் வந்த வழி வேறு.

நம் ஊர்களில் மூங்கிலைப் பிளந்து பிளாச்சாக்கி, ஐந்து முனை வருமாறு நூலால் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்தனர். காற்றாடி கட்டத் தெரிந்த சிறுவனுக்கு இது கைவந்த வேலை. பிலிப்பைன்சு நாட்டிலும் இதே மூங்கிலும் இதே தாளும் கொண்டு 'பரோல்' என்னும் விண்மீன் விளக்கைச் செய்கின்றனர். பெயர் மட்டும் விளக்கைக் குறிக்கும் இசுபானியச் சொல்லின் திரிபு. அந்நாட்டுச் சான் பெர்னாண்டோ நகரில் ஆண்டுதோறும் பேருருவ விண்மீன் விளக்குகளுக்குப் போட்டி நடக்கிறது. மூங்கில் விளையும் நாடுகள் ஒன்றையொன்று கேளாமலே ஒரே விடையைக் கண்டுள்ளன. இன்று அட்டையாலும் ஞெகிழியாலும் மின்னணு விளக்காலும் ஆன விண்மீன்கள் கடையிலேயே கிடைக்கின்றன. ஒளி கூடியிருக்கிறது. பிளாச்சைச் சீவிய கையின் பங்கு குறைந்திருக்கிறது.

மரமும் முந்திரியும்

மரம் நிறுத்தும் வழக்கமும் செருமானியர் வாழ்ந்த ரைன் ஆற்றுப் பகுதியில் தோன்றியது. 1605-ஆம் ஆண்டு ஸ்டிராசுபர்க் நகரக் குறிப்பொன்று, வீட்டுக் கூடத்தில் ஊசியிலை மரம் நிறுத்தித் தாள்ரோசாவும் ஆப்பிளும் அப்பமும் தொங்கவிட்டதைச் சொல்கிறது. இங்கிலாந்தில் விக்டோரியா அரசியும் செருமானியரான அவர் கணவரும் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-இல் ஓர் இலண்டன் இதழில் வந்தது. பிறகே அது ஆங்கிலக் குடும்பங்களில் பெருவழக்காயிற்று. ஆங்கிலேயர் சென்ற நாடுகளுக்கெல்லாம் மரமும் சென்றது.

தமிழகச் சமவெளியில் அந்த மரம் ஏது? நம் மக்கள் சவுக்குக் கிளையை வெட்டி நட்டனர். பார்வைக்கு ஊசியிலை போலிருக்கும் சவுக்கு அவ்வினத்தைச் சார்ந்ததன்று. ஊசி போல் தோன்றுவது இலையுமன்று, கணுக்கணுவான பசுங்கொம்பு. அதன் உண்மையான இலை கணுவைச் சுற்றிய மிகச் சிறு பல்வரிசை. சவுக்கும் இந்நிலத்துத் தொன்மரம் அல்ல. கிழக்குத் தீவுகளும் ஆத்திரேலியக் கரையும் அதன் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டிக்கும் அடுப்புக்கும் விறகு வேண்டிச் சோழமண்டலக் கரையில் பயிரிடப்பட்டது. வடநாட்டு மரத்திற்குப் பதிலாளாகத் தென்கடல் மரம் வந்து நின்று, அதன் மேல் பனிக்குப் பதிலாளாக நம் பஞ்சு ஏறி அமர்ந்தது. பனியே காணாத ஊரில் பனியைக் கற்பனை செய்த குழந்தைகளைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும்.

மெக்சிக்கோ நாட்டில் இவ்விழாவின் அடையாளம் செவ்விலை தரித்த ஒரு செடி. நல்லிரவு என்னும் பொருள்பட 'நோச்செபுவேனா' என்பர். 1828-ஐ ஒட்டி அங்கிருந்த அமெரிக்கத் தூதர் பாயின்செட் அதனைத் தம் நாட்டிற்கு அனுப்பினார். அச்செடி நம் வேலியோரக் கள்ளிக்கு நெருங்கிய உறவு. கிள்ளினால் பால் வடியும்.

கந்தர்வக்கோட்டைக்கு இவ்வரலாற்றில் ஒரு தனிப்பங்கு உண்டு. அது முந்திரி. இவ்வூரையும் ஆதனக்கோட்டையையும் சுற்றிய செம்மண் நிலத்தில் முந்திரித் தோப்புகள் பரந்துள்ளன. ஆதனக்கோட்டைச் சாலையோரம் முந்திரி வறுக்கும் மணத்தை அறியாத வழிப்போக்கர் இலர். முந்திரியின் தாயகம் பிரேசில். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர். மலையாளத்தில் அதற்குப் 'பறங்கிமாவு' என்றொரு பெயர் உண்டு. நத்தார் என்னும் சொல்லைக் கொணர்ந்த அதே கப்பல் வழியே முந்திரியும் வந்தது.

ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பால் செய்யப்படும் மக்ரூன், தூத்துக்குடிக்கு வந்தபோது முந்திரியும் சீனியும் முட்டை வெண்கருவும் சேர்ந்த தனிப் பண்டமாயிற்று. விழாக்காலக் கேக்கிலும், பாயசத்திலும், சர்க்கரைப் பொங்கலிலும், பிரியாணியிலும் ஒரே பருப்பு புகுந்து எல்லாச் சமயத்தாரின் விழாவையும் இணைக்கிறது. பறங்கியர் தந்த மரத்தை அயல் மரம் என்று இன்று எவரும் சொல்வதில்லை. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரையைக் கடந்த கசா புயல் இப்பகுதித் தோப்புகளைச் சாய்த்தபோது, சொந்தப் பிள்ளையை இழந்தாற்போலவே உழவர் கலங்கினர். நிலம் ஏற்றுக்கொண்டதன் அளவுகோல் அதுவே.

தாத்தாவின் கதையைச் சுருங்கச் சொல்லலாம். இன்றைய துருக்கியில் அடங்கிய மீராவின் ஆயராக நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நிக்கோலாசே அவர்க்கு மூலவர். 1823-இல் அமெரிக்க இதழொன்றில் வந்த பாடலும், 1863 முதல் தாமசு நாசுட்டு வரைந்த படங்களும் உருவத்தைத் தந்தன. 1931 முதல் ஒரு குளிர்பான நிறுவன விளம்பரம் அவ்வுருவை உலகெங்கும் நிலைநிறுத்தியது. தமிழர் அவர்க்கு உறவுமுறை தந்து 'கிறிஸ்துமஸ் தாத்தா' ஆக்கியது நம் பங்களிப்பு.

ஒன்பது இரவுகள்

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள், பிலிப்பைன்சு மக்கள் விடியுமுன் எழுந்து கோயிலுக்குச் செல்கின்றனர். வயலுக்குப் போகுமுன் வழிபட வேண்டி எழுந்த வழக்கம் அது. அதே டிசம்பர் நடுவில்தான் நமக்கு மார்கழி பிறக்கிறது. திருப்பாவையும் திருவெம்பாவையும் தெருவில் ஒலிக்கும் வைகறையும் அவர்களது வைகறையும் ஒரே காலத்தன. இவ்விரு மரபுகளுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. அறுவடைக் காலத்து உழவரின் விடியற்பொழுது ஒன்றே இரண்டுக்கும் பொது.

மெக்சிக்கோவில் அதே ஒன்பது இரவுகளில் 'போசாதாசு' நடக்கிறது. மரியாளும் சூசையப்பருமாக வேடமணிந்தோர் முன்செல்ல, ஊர்வலத்தார் ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று தங்க இடம் கேட்டுப் பாடுவர். உள்ளிருப்போர் இடமில்லை என்று பாடுவர். இறுதியில் ஒரு வீட்டின் கதவு திறக்கும். அனைவரும் உள்ளே சென்று உண்பர். 'போசாதா' என்றால் சத்திரம்.

கேரளத்துச் சிரியன் மரபுக் கோயில்களில் பிறப்பு இரவில் குழியிட்டுத் தீ மூட்டுவர். குருத்தோலை ஞாயிறன்று வாங்கி வைத்த ஓலைகள் அத்தீயில் இடப்படும். சாம்பிராணி தூவி மக்கள் சுற்றி நிற்பர். ஒரு திங்கள் முன்பு கார்த்திகையில் பனையோலை வேய்ந்து சொக்கப்பனை கொளுத்தியவர்க்கு அத்தீ அயலாகத் தோன்றாது.

தமிழகத் திருச்சபைகளின் கீதபவனி இவ்வகையைச் சார்ந்தது. இரவில் வீடுதோறும் சென்று பாடி, வீட்டார் தரும் காப்பியையும் பலகாரத்தையும் ஏற்று அடுத்த தெருவுக்கு நகரும் குழுக்கள் அவை. ஆர்மோனியமும் கஞ்சிராவும் மேளமும் சேர்ந்த அவ்விசையில் ஆங்கிலப் பண்ணும் தமிழ்ச் சிந்தும் ஒரே இரவில் மாறிமாறி ஒலிக்கும். இந்தத் தமிழ்ச் சிந்து எளிதில் நிலைபெற்றுவிடவில்லை. அதற்கொரு வழக்கு நடந்தது. அது நடந்த இடம் நம் அண்டை நகரான தஞ்சை.

தஞ்சை வழக்கு

திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயகம், சுவார்ட்சு ஐயரால் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு வளர்ந்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோசியும் அவ்வையரின் அன்புக்கு உரியவராயிருந்தார். குற்றாலக் குறவஞ்சியின் புகழ் ஓங்கியிருந்த காலம் அது. சரபோசி மன்னர் மீதே கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் குறவஞ்சி பாடினார். வேதநாயகரும் 1800-ஐ ஒட்டிப் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றினார். சீயோன் மகளாகிய தேவமோகினி தலைவி. பெத்லகேம் நாதர் தலைவர். விசுவாசமே குறத்தியாக வந்து குறி சொல்கிறது. ஐரோப்பியர் வழி வந்த புதிய வானியலும் புவியியலும்கூட அந்நூலில் இடம்பெற்றன. கிறித்து பிறப்பைப் பொருளாகக் கொண்ட தமிழ்ச் சிற்றிலக்கியங்களில் அதற்குத் தனியிடம் உண்டு.

சுவார்ட்சு ஐயர் 1798-இல் மறைந்தார். அடுத்த தலைமுறை மிசனரிமார், தமிழ்க் கிறித்தவர் கைக்கொண்ட பல வழக்கங்களை மாற்ற முற்பட்டனர். 1820-களில் பூசல் முற்றியது. 1829-இல் வேதநாயகரும் அவரைச் சார்ந்தோரும் தம் குறைகளை எழுதி வைத்தனர். பழகிய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றியது, விழாக்களிலும் சடங்குகளிலும் மலர் அணிவதைத் தடுத்தது, வழிபாட்டிலிருந்து தமிழ்ப் பாடலையும் இசையையும் விலக்கியது, எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்க வற்புறுத்தியது ஆகிய நான்கும் அவர்கள் கண்ட கொடுமைகள்.

இந்த நான்கையும் ஒருங்கே வைத்துப் படிப்பவர் திகைத்து நிற்பர். முதல் மூன்றில் நம் நெஞ்சம் முழுவதும் கவிஞர் பக்கம். பூவின்றித் தமிழனுக்கு விழா ஏது? தாய்மொழிப் பண் இன்றி வழிபாடு ஏது? நான்காவதில் நம்மால் அவரோடு ஓரடியும் நடக்க இயலாது. பூவையும் பாட்டையும் காத்த அதே கை, கோயிலுக்குள் இருக்கை வேற்றுமையையும் காக்க முனைந்தது. வரலாற்றுக்கு மாறாக எதையும் மறைத்துக் கவிஞரைப் போற்ற வேண்டுவதில்லை. அவரது நான்காம் குறையைக் காட்டிப் பாட்டைப் பறித்ததும் நியாயமாகிவிடாது. அலங்காரத்தைப் பறித்தோர் சமத்துவம் பேசினர். அலங்காரத்தைக் காத்தோர் வேற்றுமையையும் சேர்த்துக் காத்தனர். இரண்டையும் பிரித்தெடுக்கும் அறிவு அன்று எத்தரப்புக்கும் வாய்க்கவில்லை.

1833-இல் ஆயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என ஆணையிட்டார். பலர் திருச்சபையை விட்டு விலகினர். வழக்கு சீர்திருத்தச் சபையோடு நிற்கவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரு சிறகுகளாகப் பிரிந்து, இரு சாதித் தரப்பார் ஒருவரையொருவர் காணாது வழிபடுமாறு கட்டப்பட்டது. நடுவே இருந்த தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. ஆ. சிவசுப்பிரமணியன் அவர்களின் 'கிறித்தவமும் சாதியும்' என்னும் நூல் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. அவ்விரு சிறகுகளிலும் விழாக்கால அலங்காரம் இல்லாமலா இருந்திருக்கும்! அழகு தன்னளவில் அறமாகிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

சத்திரத்தில் இடம்

இவ்விழாவின் மூலக்கதை ஒரு கதவடைப்பில் தொடங்குகிறது. நிறைமாத அன்னைக்குச் சத்திரத்தில் இடமில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அங்கே 'சத்திரம்' என்ற சொல்லைத் தேர்ந்தனர். தஞ்சை மண்ணில் அச்சொல்லுக்கு உயிருள்ள பொருள் இருந்தது. இராமேசுவரம் செல்லும் வழிநெடுகத் தஞ்சை மராட்டிய மன்னர் சத்திரங்கள் கட்டியிருந்தனர். நமக்கு அருகில் உள்ள ஒரத்தநாட்டில் சரபோசி மன்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அச்சத்திரங்களில் எல்லாச் சாதி வழிப்போக்கர்க்கும் சோறு வழங்கப்படுவதை 1801-இல் ஆங்கில அரசுக்கு எழுதிய மடலில் மன்னர் பெருமையோடு குறித்தார். ஆகவே வழிப்போக்கனுக்குச் சத்திரத்தில் இடமில்லை என்பது இப்பகுதி மக்களுக்கு வெறும் செய்தியன்று. அது மரபுக்கு நேர்ந்த இழுக்கு. கதையின் அந்த ஒரு சொல்லே கேட்டவர் நெஞ்சைத் தைத்திருக்கும்.

கூரையில் தொங்கும் விண்மீனின் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. நம் பண்பாட்டில் வாயில் அலங்காரம் எதுவாயினும் அது ஓர் அழைப்பு. மாவிலைத் தோரணமும் வாழைமரமும் கோலமும், வருக என்று சொல்லும் சொற்கள். மெக்சிக்கோவின் ஊர்வலம் ஆண்டுதோறும் கதவடைப்பை நடித்துக் காட்டிக் கதவைத் திறக்கிறது. நம் கீதபவனியும் கதவு தட்டும் கலையே. எந்தத் தெருவுக்குள் அது நுழைந்தது, எந்தத் தெருவோடு திரும்பியது, எந்த வீட்டுப் பலகாரத்தை ஏற்றது என்ற வினாக்களை வைத்து நோக்கினால், ஓர் ஊரின் சமுதாய வரலாறு முழுவதும் அந்த ஓரிரவில் புலப்படும். சவுக்கையும் முந்திரியையும் நத்தாரையும் ஏற்று உறவாக்கிக்கொண்ட நிலம், தன் மனிதரை ஏற்பதில்தான் இத்துணைக் காலம் தயங்கியிருக்கிறது.

பத்து ஆண்டுகளாகக் கவிதை வளர்த்துவரும் நம் வட்டத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு இக்கட்டுரையை நிறைவு செய்யலாம். ஒவ்வோர் ஊரிலும் பவனிக்குழுக்கள் பாடிய, அச்சேறாத சிந்துகளும் கும்மிகளும் முதியவர் நினைவில் இன்னும் உள்ளன. மூங்கில் விண்மீன் கட்டியவர்கள் இருக்கின்றனர். குடிலுக்கு மண் பிசைந்தவர்கள் இருக்கின்றனர். அவர்களிடம் சென்று பாடலையும் செய்முறையையும் அவரவர் சொல்லிலேயே எழுதி வாங்க வேண்டும். மார்கழிக் கோலப் பாடலும், நோன்பு இரவில் பக்கிரிமார் பாடும் பாடலும், பொங்கல் கும்மியும் அதே ஏட்டில் அடுத்தடுத்துப் பதிவாக வேண்டும். பாடியவர் எந்தத் தெருவினர் என்பதையும், பாட முடியாமற்போன தெரு எது என்பதையும் மறைக்காமல் குறிக்க வேண்டும். வரும் மார்கழிக்குள் ஆளுக்கு ஓர் ஊராகப் பிரித்துக்கொண்டு தொடங்கினால், வட்டத்தின் அடுத்த மலர் அத்தொகுப்பைத் தாங்கி வெளிவரலாம்.